சீனி போன விதம்

மூன்றாவது நாளும் ஸுபைரா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"கொஞ்சம் சரி தின்னுங்க மாமி. வெறும் வயித்துல குளிசை போடேலாது" என்றாள் மருமகள் ஷிஹானா.

"எறங்குதில்ல மகள்."

ஸுபைராவுக்கு எழுபத்திரண்டு வயது, சீனி வருத்தம் என்ற நீரிழிவும் உண்டு. முந்தின நாள் சாப்பிடாமலே அதற்கான குளிசையைப் போட்டுவிட்டு, சீனி இறங்கி, வியர்த்துக் கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். இன்னொரு தரம் அப்படி நடந்தால் என்ன செய்வது என்ற பயம் ஷிஹானாவை விட்டுப் போகவில்லை.

அவர் வளர்த்த பூனைக்கும் சீனி என்றுதான் பெயர். டொக்டர் விடச் சொன்ன சீனியெல்லாம் விட்டாயிற்று, இந்த ஒன்றை விடமாட்டேன் என்பார் ஸுபைரா. ஆறு வருடத்துக்கு முன் கணவர் மௌத்தாகி, விதவையாக வெளியே போகாமல் அவர் இத்தா இருந்த நான்கு மாதமும் பத்து நாளும் அந்த அறையை விட்டு அசையாமல் கூடவே கிடந்தது அதுதான்.

திங்கட்கிழமை ஸுபைராவை அவர் மகன் மபாஸ் கிளினிக்குக் கூட்டிப் போயிருந்தபோது சீனி செத்தது. அடக்காமல் மையித்தைக் காக்க வைக்கக் கூடாது என்பது ஷிஹானாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஊறிப்போனது. நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே கொய்யா மரத்தடியில் குழி தோண்டி அடக்கிவிட்டாள். பால் கிண்ணத்தையும் கழுவி எடுத்து வைத்தாள். மாமி திரும்பி வந்தபோது சொல்வதற்கு ஒரு வரிதான் மிஞ்சியிருந்தது. ஏன் முகம் காட்டவில்லை என்று மாமி கேட்கவுமில்லை.

"இனி அதப் பத்தி உம்மாட்டக் கதைக்காதீங்க. கதைச்சா கவல இன்னம் கூடும்" என்றான் மபாஸ். ஷிஹானா உடனே ஒத்துக்கொண்டாள். அந்த மௌனம் தனக்கும் வசதியாக இருந்ததை அவள் அறியாமலில்லை. சொல்லாமல் விட்டது ஒன்று அதற்குள் ஒளிந்திருந்தது.

அன்று வியாழக்கிழமை. தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வல்லாரையும் மரவள்ளியும் கொண்டு வரும் ரெங்கம்மா வாசலில் சாக்கை இறக்கினாள்.

"எங்கக்கா அந்தச் சண்டியரு? சாக்க மோந்து பாக்க இன்னும் வரலயே."

"அது மௌத்தாப் போச்சு" என்றார் ஸுபைரா.

ரெங்கம்மா படியில் உட்கார்ந்தாள். சாவு வீட்டுக்குப் போனால் கேட்பதைப் போலவே கேட்டாள்.

"எப்பிடிக்கா ஆச்சு?"

ஸுபைரா வாயைத் திறந்தார்.

"எனக்குத் தெரியா" என்றார். "யாரும் சொல்லல்ல. ஒரு பூனைக்குப் போய் விசாரிக்கிறதா எண்டு வெக்கத்துல நானும் கேக்கல்ல."

ஷிஹானா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா மௌத்தான நேரம் வந்தவர்கள் எல்லாரும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். மாமா விடியல் சுபஹ் தொழுகைக்கு எழும்பியது, தண்ணி கேட்டது, இடது கையைப் பிடித்தது என்று மாமி ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே அதைக் கேட்டுக் கேட்டு அப்போது ஷிஹானாவுக்கு அலுத்திருந்தது. அந்தச் சாவைத் தாங்க மாமியிடம் இருந்த ஒரே வழி அதுதான் என்று இப்போது பட்டது. இந்த முறை அதைத் தானே பறித்துவிட்டிருந்தாள்.

வந்து மாமியின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க போய் கொஞ்ச நேரத்துல மூச்சு வாங்கத் தொடங்கிச்சு மாமி."

"கத்திச்சா?"

"இல்ல. பஞ்சுல தண்ணி வெச்சன். ரெண்டு தரம் நக்கிச்சு."

"பொறகு?"

"ஒங்கட கட்டிலுக்குக் கீழ போகப் பாத்திச்சு. ஏலல்ல. நான்தான் தூக்கிக் கொண்டுபோய் வெச்சன். அங்கதான் உசிர் போச்சு." ஷிஹானா தலையைக் குனிந்துகொண்டாள். "மாமா உடுத்த சாரமொண்டுல சுத்தித்தான் அடக்கினன். அலுமாரியில இருந்த பச்சக் கோட்டுச் சாரம். ஒங்ககிட்டக் கேக்கல்ல."

மாமா மௌத்தான பிறகு ஆறு வருடமாக அலுமாரியின் அந்தத் தட்டில் யாரும் கை வைத்ததில்லை.

"பச்சக் கோடா?" என்றார் ஸுபைரா. "பெருநாளைக்கு ஒரு தரம் உடுத்த சாரம் அது."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிய ஷிஹானாவுக்கு அது சிரிப்பு என்று தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அந்த மனுசன், தன்ட சாரத்துல அது ஏறிப் படுத்தா செருப்பெடுத்துத் தொரத்துவார்."

"இப்ப மொத்தமா அதுக்கே ஆயிருச்சு. அங்க போயி அவருகிட்ட நல்லா அடி வாங்கும்" என்றாள் ரெங்கம்மா.

சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியவில்லை. மூன்று நாளாக வராத கண்ணீர் வந்தது. ரெங்கம்மா அவசரப்படாமல் அங்கேயே இருந்தாள். பிறகு மூவருமாகக் கொய்யா மரத்தடிக்குப் போய் நின்றார்கள்.

பின்னேரம் பக்கத்து வீட்டு ஜெனீரா மதிலோரம் தலை காட்டினார். ஸுபைரா தானாகவே கூப்பிட்டார்.

"இங்க வாங்க ஜெனீரா. எங்கட சீனி மௌத்து, தெரியுமா?"

"அல்லாஹ். எப்பிடி?"

"காலையிலயே மூச்சு வாங்கிச்சு. பஞ்சுல தண்ணி வெச்சம். ரெண்டே ரெண்டு தரம் நக்கிச்சு..."

கிட்ட இருந்து பார்த்தவர் போலவே சொன்னார். குசினியில் நின்ற ஷிஹானா திருத்தப் போகவில்லை. சோறும் பருப்பும் போட்டு, கோப்பையைக் கொண்டுவந்து மாமியின் மடியில் வைத்தாள். ஸுபைரா கதையை நிறுத்தாமலே கையை வைத்துப் பிசைந்தார்.

"பொறகு?" என்றார் ஜெனீரா.

ஒரு வாய் சோற்றை விழுங்கிவிட்டு ஸுபைரா தொடர்ந்தார்.