இருநூற்றுப் பதினான்காம் ஸ்லைடு

காலையில் பல் விளக்குவதற்கு முன்பே நான் பார்ப்பது என் கட்டுரைகளை மற்றவர்கள் எடுத்துக்காட்டிய மேற்கோள் எண்ணிக்கையைத்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை; எங்கள் நோய்க்குறியியல் துறையில் எல்லோரும் பார்க்கிறார்கள், ஒப்புக்கொள்ளத்தான் மாட்டார்கள். பதினாறு வருடத்தில் நாற்பத்தொரு கட்டுரை எழுதியிருக்கிறேன். நாற்பதை ஒருவரும் சீந்தவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் உலகம் முழுக்க அறுநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் எடுத்துக்காட்டியிருந்தன. மார்பகக் கட்டியில் சாயம் ஏறும் செல்கள் நூற்றில் பத்துக்குக் குறைவாக இருந்தால் அறுவை சிகிச்சையே போதும், கீமோ வேண்டாம் என்பது அதன் முடிவு. அதை நம்பித்தான் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன்.

தேர்வுக் குழு புதிதாகப் படங்கள் கேட்டிருந்தது. அதற்காக அந்தக் கட்டுரைக்குப் பயன்பட்ட, கட்டித் துணுக்குகள் ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகளை எடுத்துவரச் சொன்னேன். ஸ்லைடு அறையைப் பார்த்துக்கொள்பவர் தட்டுகளோடு வந்தார். முதலில் 214ஐ நுண்ணோக்கியில் வைத்தேன். கட்டுரையின் முதல் படமே அதுதான், எனக்கு மனப்பாடம். கண்ணில் பட்டதோ வேறு கட்டி.

"அண்ணே, தப்பா எடுத்துட்டு வந்திருக்கீங்க" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் அசரவில்லை. "நோயாளி பட்டியல்ல இருக்கிற வருஷத்து இருநூத்திப் பதினாலு இதுதாம்மா. வருஷம் பொறந்தா மறுபடி ஒண்ணுலேர்ந்துதானே நம்பர் போடுறோம். அடுத்த வருஷத்துலயும் ஒரு இருநூத்திப் பதினாலு இருக்குமில்ல."

கட்டுரைக்காக அன்று ஸ்லைடுகளை எடுத்தது நான்தான். அவர் விடுப்பில் இருந்தார். வேறு யாராவது முந்திக்கொள்வார்களோ என்று எனக்கு ஒரே பறப்பு. இரண்டு வருடத்து இழுப்பறைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எண்ணை மட்டும் பார்த்தேன். லேபிள் மூலையில் பென்சிலால் எழுதியிருந்த வருடத்தைப் பார்க்கவில்லை.

சாப்பிடக்கூடப் போகாமல் நான்கு மணி வரை பழைய குறிப்பேட்டோடு ஒப்பிட்டேன். அன்று நான் எண்ணிய நூற்றிருபது ஸ்லைடுகளில் முப்பத்தெட்டு வேறு யாருடையவோ. சரியானவற்றை வைத்து மறுபடி எண்ணினேன். பத்துக்குக் கீழே இருந்த எல்லோரும் பிழைத்தார்கள் என்று எழுதியிருந்தேன். இப்போது அந்தப் பட்டியலில் நோய் திரும்பி இறந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பதா, எட்டா என்று மூன்று முறை சரிபார்த்தேன், ஏதோ எட்டானால் பரவாயில்லை என்பதுபோல.

ஸ்லைடு அறைக்காரர் யாரிடமும் வாயைத் திறக்க மாட்டார். தட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும். கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்க மாட்டேன்.

அப்போது அக்கா போன் செய்தாள். மூன்று வாரம் முன்பு அவளுக்கு மார்பில் கட்டி எடுத்திருந்தார்கள்.

"ஏய், ரிசல்ட் வந்துடுச்சு. எட்டு பர்சென்ட்டாம். கீமோ வேண்டாம்னுட்டார் டாக்டர். எதை வச்சு சொல்றீங்கன்னு கேட்டேன். ஒரு பேப்பரைக் காட்டுறார், பார்த்தா உன் பேரு. என் தங்கச்சின்னு சொன்னதும் மனுஷன் எழுந்தே நின்னுட்டார்." சிரித்தாள். "என் முடி தப்பிச்சுது போ."

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்குக் கெட்ட ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன், ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை.

"அக்கா, கீமோ வேண்டாம்னு விட்டுடாதே. நாளைக்கே மறுபடி போகணும். நானும் வரேன்."

"ஏன்டி, பேப்பர்ல..."

"பேப்பர் தப்பு."

"யார் சொன்னா?"

"நான்தான் சொல்றேன். ஸ்லைடை மாத்தி எடுத்துட்டேன். வெளிய யாருக்கும் இன்னும் தெரியாது."



"உன் பதவி?" என்றாள்.

"போகட்டும். பேப்பரைப் போட்ட ஆய்வுப் பத்திரிகைக்கு இப்பவே எழுதப் போறேன்."

"எனக்கு நீ இருக்கே, சொல்லிட்டே. மத்தவங்களுக்கு யாருடி சொல்லுவா? எத்தனை பேரு?"

கணினித் திரையில் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்தேன். காலையில் இருந்ததற்கு ஒன்று கூடியிருந்தது.

"அறுநூத்திப் பதிமூணு" என்றேன். "ஆனா அது கட்டுரைக் கணக்குக்கா. ஆள் கணக்கு எனக்குத் தெரியாது."