மனுவில் ஒரு பெயர்

விடியும் முன்பே சந்தைக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் துலுக்காணம் இடுப்பளவு இறங்கியிருந்தான். இரவு மழையில் இரும்புலியூர்ப் பக்கத்துக் குப்பையெல்லாம் அங்கே வந்து அடைத்திருந்தது. அவன் இரும்புச் சட்டியில் சேற்றை அள்ளித் தூக்க, மனைவி அங்காளம்மா மேலே நின்று வாங்கி வண்டியில் கொட்டினாள். கறுத்த சேறு அவள் முழங்கை வழியாக ரவிக்கைக்குள் இறங்கியது. இருவருக்கும் கையுறை கிடையாது. நகராட்சியின் ஒப்பந்தத் துப்புரவுக்காரர்களில் யாருக்குமே கிடையாது.

கால்வாயை மூடியிருந்த சிமெண்ட் சிலாப் அவன் கால்மேல் சரிந்தபோது பெரிய சத்தம் ஒன்றும் எழவில்லை. துலுக்காணம்தான் அலறினான். கூட வேலை செய்த கிளியம்மாளும் மற்றவர்களும் ஓடிவந்து கடப்பாரையால் நெம்பி அவனை வெளியே இழுத்தார்கள். ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

காண்டிராக்டர் துரை எட்டிப் பார்க்கவில்லை. அங்காளம்மா நஷ்டஈடு கேட்டுத் தேடிப் போனபோது ஜீப்பை விட்டு இறங்காமலே பேசினான்.

"அன்னிக்கு உன் புருஷன் டூட்டியிலயே இல்லம்மா. குடிச்சிட்டு விழுந்தவனுக்கு நான் இன்னா பண்றது?"

"நான் மேல நின்னு சட்டி வாங்கிகினு இருந்தேன் சார்."

"நகராட்சி ரிஜிஸ்டர்ல பேர் இல்ல. அவ்ளோதான்."

"அத்த காட்டுங்க."

"உனக்குக் காட்டணும்னு சட்டமா கீது?"

சட்டம் இருந்தது. அது வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நகராட்சி அலுவலகத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த சாஜிதாதான் சொன்னாள். "தகவல் உரிமைச் சட்டம் அக்கா. யாரு வேணா கேக்கலாம். ஏன் கேக்கறேன்னு காரணம் சொல்ல வேணாம். முப்பது நாள்ல பதில் குடுத்தே ஆகணும்."

அவளே மனு எழுதினாள். அன்றைய வருகைப் பதிவேட்டின் நகல் வேண்டும். காண்டிராக்டரோடு நகராட்சி போட்ட ஒப்பந்தத்தின் நகல் வேண்டும். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பை ஒட்டி, அங்காளம்மா கைநாட்டு வைத்தாள். குமாஸ்தா காகிதத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், அந்த மனுவின் நகல் துரையின் கையில் இருந்தது. அதை அங்காளம்மாவின் முகத்துக்கு நேரே ஆட்டினான்.

"'தெரியாம கேட்டுட்டேன், வேணாம்'னு எழுதிக் குடுத்துட்டு வா. இல்லன்னா தொடப்பத்தத் தொடாத."

"கால் போன மனுஷன் ஆஸ்பத்திரில கீறாரு சார். நான் கேட்டது ஒரு காயிதம்."

"காயிதம் கேக்கறவளுக்கு என்கிட்ட வேலை இல்ல." மற்றவர்கள் பக்கம் திரும்பினான். "வேற யாருக்காச்சும் எதுனா தெரிஞ்சிக்கணுமா?"

எல்லோருக்கும் அடுப்பு எரிய வேண்டியிருந்தது. கிளியம்மாள் தலையைக் குனிந்தபடி தள்ளுவண்டியை நகர்த்தினாள். அங்காளம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தனியாகச் சாலையை நோக்கி நடந்தாள்.

நாலு தப்படி போன வண்டி நின்றது.

"எனுக்கு ஒண்ணு தெரிஞ்சிக்கணும் சார்," என்றாள் கிளியம்மாள். "அன்னிக்கு நானுந்தான் கடப்பாரை புட்சேன். என் பேரு அந்த ரிஜிஸ்டர்ல கீதா, இல்லியா?"

"கீது, போ. வேலையப் பாரு."

"வாயால சொல்றீங்க. எனுக்கு காயிதத்துல வேணும்."

அவள் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அங்காளம்மாவின் பின்னால் போனாள். பிறகு ஒரு துடைப்பம் தரையில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

அதே நகல்களைக் கேட்டுச் சாஜிதா எழுத எழுத, ஒவ்வொருவராகக் கைநாட்டு வைத்தார்கள். வேலைத் துணியோடே நகராட்சிக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். குமாஸ்தா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"எல்லாம் ஒரே கேள்விதானேம்மா? ஒருத்தர் குடுத்தாப் போதுமே."

"ஒருத்தி குடுத்தாளே சார். அவளத் தொரத்திட்டாங்க," என்றாள் கிளியம்மாள். "அதான் எல்லாரும் வந்துகீறோம்."

குமாஸ்தா அங்காளம்மாவைப் பார்த்தார். முதல் நாள் வாங்கிய காகிதம் எங்கே போனது என்று அவள் கேட்கவில்லை. அவர்தான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். முத்திரையை மையில் அழுத்தி, ஒவ்வொரு மனுவுக்கும் ரசீது போடத் தொடங்கினார்.

வெளியே வாசலை அடைத்தாற்போல் துரையின் ஜீப் நின்றிருந்தது. ஊரின் குப்பை அள்ளப்படாமல் கிடந்தது. அவன் செல்போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு யார் யார் வரீங்கன்னு பாக்கறேன்," என்றான்.

அங்காளம்மாவுக்கு நாளை வேலை உண்டா, நகராட்சி தரப்போகும் பதில் நிஜமாக இருக்குமா, யாருக்கும் தெரியாது. கிளியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் வருவோம் சார். இவள நடுவுல வச்சிகினு வருவோம்."

துரை வண்டியைக் கிளப்பி ஹாரனை அழுத்தினான். வாசலில் நின்றவர்கள் நகரவில்லை. கடைசியில் அவன்தான் பின்னால் எடுத்துச் சுற்றிக்கொண்டு போனான்.