அறையில் ஒருவர்

அம்மாவும் அப்பாவும் படுக்கும் அறையின் கதவு நிலையில், இடுப்புயரத்தில், இரண்டு சென்சார்களை அடுத்தடுத்து ஒட்டியது நான்தான். உள்பக்கத்துச் சென்சார் முதலில் மறைந்தால் ஆள் வெளியே போகிறார் என்று கணக்கு. வெளிப்பக்கத்தது மறைந்தால் உள்ளே வருகிறார். அறையில் எத்தனை பேர் என்ற எண் வெளியூரில் இருக்கும் அக்காவின் போனுக்குப் போகும். அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. நடக்காவிட்டால் கால் இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேமரா வைக்கலாம் என்றதற்கு, “துணி மாத்துற எடத்துலயா?” என்று அம்மா முறைத்தாள். எனக்கு இரவெல்லாம் கிடங்கில் வேலை. பகலில் பிணம் மாதிரி தூங்குவேன்.

எண் இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று என்றே ஆடியது. பூஜ்யத்தைத் தொடவே இல்லை.

“அப்பா மட்டும் சுத்திட்டு வராரு. அம்மா கட்டில விட்டே எறங்கல,” என்றாள் அக்கா. “ஞாயித்துக்கெழம கார் எடுத்துட்டு வரேன். அம்மா இனிமே இங்கதான்.”

அவள் வீட்டில் காலியாக இருந்தது ஒரே ஒரு ஒற்றைக் கட்டில்.

“தெனமும் நடக்க வெக்கிறேன்டா,” என்றார் அப்பா.

அக்காவிடம் சொன்னேன். “மாத்திரைய முழுங்கிட்டேன்னு சொல்லிட்டுப் பூந்தொட்டில போட்ட மனுஷன். அம்மாவக் கேட்டா அவருக்கு ஒத்து ஊதுவாங்க,” என்றாள் அவள்.

மறுநாள் காலை வேலை முடிந்து வந்து தூங்காமல் கூடத்தில் உட்கார்ந்தேன். அறைக்கதவு திறந்தது. அம்மாவின் இடுப்பைச் சுற்றி அப்பாவின் கை. பசை போட்டு ஒட்டிய மாதிரி, நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்து இருவரும் நிலையைக் கடந்தார்கள். மெஷினுக்கு அது ஒரே ஆள்.

அவர்களைத் திரும்ப உள்ளே அனுப்பிவிட்டு அக்காவை போனில் பிடித்தேன். “அப்பா, கைய விட்டுட்டு தனித்தனியா வாங்க.”

“உன் டப்பாவுக்காக இவள கீழ போடணுமா?”

“விடுங்க,” என்றாள் அம்மா. “நீங்க புடிக்கிற புடியில நான் எங்க நடக்கிறேன்? தொங்கிட்டுல்ல வரேன்.”

நிலையைப் பிடித்துக்கொண்டு தனியாகக் காலை எடுத்து வைத்தாள். இன்னொரு கால். கடந்துவிட்டாள். பின்னால் அப்பா, விழுகிற பானையைப் பிடிக்கப்போகிறவர் மாதிரி கைகளை நீட்டியபடி.

“பூஜ்யம்டா!” அக்கா கத்தினாள். “சரி, கார் வரல. அம்மா அங்கயே இருக்கட்டும்.”

அப்பாவின் முகம்தான் தொங்கிப் போயிற்று. வேலை போனவர் மாதிரி நின்றார். அம்மா அதைக் கவனித்தாள்.

“திரும்பிப் போறப்ப யாரு புடிப்பா? பக்கத்து வீட்டுக்காரரா?”

ஒட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

“டேய், இப்ப ஒன்னுதான் காட்டுது,” அக்கா பதறினாள். “அப்பா எங்க போனாரு?”

“எங்கயும் போகல. போன வை, தூக்கம் வருது.”