இரண்டு மில்லிமீட்டர்

வேலை பார்த்த பள்ளியை மூடிவிட்டதால் இரண்டு வருடமாக வீட்டில் இருந்தாள் சுகுணா. பாலக்கோட்டில் ஒரு தனியார் பள்ளி இயற்பியல் ஆசிரியைக்கான மாதிரி வகுப்புக்குக் கூப்பிட்டதும், மொரப்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தாள்.

பன்னிரண்டாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் பள்ளி முதல்வர் கோகிலவாணியும், மூத்த இயற்பியல் ஆசிரியர் சந்திரமோகனும் உட்கார்ந்திருந்தார்கள். இணைத்தட்டு மின்தேக்கி ஒன்றைப் போர்டில் வரைந்தாள். தட்டின் பரப்பு நூறு சதுர சென்டிமீட்டர், இடைவெளி ஒரு மில்லிமீட்டர். மின்தேக்குத்திறன் 88.5 பிக்கோஃபாரட் என்று வந்தது. இருநூறு வோல்ட் கொடுத்தால் அதில் சேரும் ஆற்றல் 1.77 மைக்ரோஜூல். தடங்கலில்லாமல் போட்டாள்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, இடைவெளியை இரண்டு மில்லிமீட்டராக்கினால் ஆற்றல் என்னவாகும் என்று சந்திரமோகன் கேட்டார். இரண்டு மடங்காகும் என்று எழுதினாள். பாதியாகும், நீங்கள் போட்டது தப்பு என்றார் அவர்.

முதல் வரிசையில் கலைமதி என்ற மாணவி எழுந்தாள்.

"மேடம் போட்டதுதான் சார் சரி. பேட்டரிய கழட்டியாச்சு, சார்ஜ் எங்கயும் போவாது. தட்ட இழுக்கிறோமில்ல, அந்த வேலைதான் எனர்ஜியா சேருது."

எது சரி என்று முதல்வர் சுகுணாவைக் கேட்டார். மூத்த ஆசிரியரைப் பகைத்துக்கொண்டு இங்கே எப்படி வேலைக்குச் சேருவது என்று அவள் மனதில் ஓடியது.

"சார் சொல்றதுதான் சரிங்க. அவசரத்துல தப்பா போட்டுட்டேன்."

எழுதியதைத் தானே அழித்தாள். எதிர்த்துப் பேசியதற்காகக் கலைமதியை வராந்தாவில் முட்டி போடச் சொல்லி, 'பாதியாகும்' என்று நூறு தடவை எழுத வைத்தார் சந்திரமோகன்.

அரைமணி நேரத்தில் முடிவு தெரிந்துவிட்டது. அடிப்படைக் கணக்கிலேயே தப்புச் செய்பவரை எடுக்க முடியாது என்று முதல்வர் கையெடுத்துக் கும்பிட்டார். வாசல்வரை கூட வந்த சந்திரமோகன் குரலைத் தாழ்த்தினார்.

"மொதல்ல போட்டதுதான் சரிங்க மேடம். சொன்னதுலயே நின்னிருந்தா ஒருவேளை எடுத்திருப்பாங்க."

சிரித்தபடி உள்ளே போய்விட்டார்.

சுகுணா கேட்டைத் தாண்டி நடந்தாள். குடையை அலுவலக அறையிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்து திரும்பினாள். வராந்தாவைத் தாண்டித்தான் போக வேண்டும். கலைமதி முட்டி போட்டபடியே நோட்டை நீட்டினாள். அதில் அவள் போட்ட கணக்கு சுத்தமாக இருந்தது.

"மேடம், நான் எந்த ஸ்டெப்ல தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க."

சுகுணாவுக்கு இனி இழக்க எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால் தான் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் நோட்டில் ஒரு வரியைத் தொட்டாள்.

"இங்கதாம்மா. வோல்டேஜ் மாறாது."

கலைமதி ஸ்கேல் வைத்து அந்த வரியை அடித்தாள். தேங்க்ஸ் மேடம் என்றாள்.

குடையை எடுக்காமலே சுகுணா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.