மொக்கையனுக்கு வெட்டிய குழி

கடப்பாரை ‘ணங்’ என்றதும் சோணைமுத்து கையை உதறிக்கொண்டான். தள்ளிக் குத்திப் பார்த்தான். அங்கேயும் ணங். இடுப்பளவு இறங்கிய குழி அதற்கு மேல் இறங்க மறுத்தது.

குழி, அன்று விடியற்காலை செத்துப்போன மொக்கையனுக்கு. தம்பி நல்லகாமனிடம் கிணற்றுத் தோட்டத்தைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு எழுமலைப் பக்கம் இந்தக் கரட்டுக்காட்டை வாங்கிய புத்திசாலி. உள்ளே நல்ல கல் இருக்கிறது, தல்லாகுளத்தில் வீடு கட்டுகிறவர்களுக்குத் தூண் வெட்டி அனுப்பலாம் என்று காலமெல்லாம் உடைத்தார். கிடைத்ததெல்லாம் தட்டினால் உதிரும் சொத்தைக் கல். போடிக்கு ரயில் பாதை போட்டவர்கள்கூட ஜல்லிக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். படுக்கையில் விழுந்த பிறகுதான் மனைவி ஒச்சாயியிடம், “கல்லுதான் இல்ல. என்னையவாச்சும் அந்தக் காட்டுல போடு” என்றார்.

காலையில் இதைக் கேட்டு நல்லகாமன் குதித்தான்.

“ஊரு மயானம் இருக்க, கரட்டுலயா பொதைக்கிறது? நாலு பேரு சிரிக்க மாட்டாகளா மதினி?”

“ஒங்க அண்ணனப் பாத்து இதுவரைக்கும் சிரிக்காதவுக யாரு?” என்றாள் ஒச்சாயி. சொன்ன கையோடு குழி வெட்ட ஆள் அனுப்பினாள்.

இப்போது குழியில் பாறை என்ற சேதி வந்ததும் அவளே கிளம்பினாள். பொம்பளை குழிக்கரைக்குப் போகக் கூடாது என்றார்கள். “எங்காட்டுக்குப் போக நான் யாரக் கேக்கணும்?” என்று நடந்துவிட்டாள்.

சோணைமுத்து மண்ணை ஒதுக்கிக் காட்டினான். “ஒரே பாளம் அக்கா. விரிசல் மட்டும் இல்லேன்னா எம்புட்டுத் தூணு வேணாலும் எடுக்கலாம். அண்ணே கஞ்சி குடிச்சுட்டுப் படுக்கிற எடந்தானே இது, இங்க மட்டும் அவுக கடப்பாரையே போடல.”

ஒச்சாயிக்கு அழுகை வந்தது. கூடவே, ஒரு நாளாவது இடம் மாறிப் படுத்திருக்கக் கூடாதா இந்த மனுசன் என்று கோபமும் வந்தது.

பின்னாலேயே பாடை வந்து சேர்ந்தது. நல்லகாமன் குழியை எட்டிப் பார்த்தான். முகம் மாறியது.

“அண்ணே வாக்குதான் பெருசு மதினி. வெடி வெச்சாவது இங்கனயே பொதைச்சிருவோம்.”

பிணம் புதைத்த இடத்துக் கல்லை எவனும் வீட்டுக்கு வாங்க மாட்டான். அது நல்லகாமனுக்கும் தெரியும், ஒச்சாயிக்கும் தெரியும். இனி அவள் சோறு தின்ன அந்தக் கல்லை விட்டால் வேறு வழியில்லை.

“கல்லு இல்லேன்னு நெனச்சுத்தான் இங்க போடச் சொன்னாரு” என்றாள். “இருக்குன்னு தெரிஞ்சிருந்தா ஒருத்தரையும் இதுமேல விட்டிருக்க மாட்டாரு, தன்னையும் சேத்து. மயானத்துக்கே தூக்குங்க. அதுக்கு முந்தி கொஞ்ச நேரம் இதுல படுக்கட்டும்.”

“இறக்குன பொணத்தத் திரும்ப ஏத்துறத இப்பத்தான் பாக்குறேன்” என்று பாடை தூக்கியவர்களில் ஒருவன் முணுமுணுத்தான். ஆனாலும் இறக்கினார்கள். மொக்கையன் பாறையில் மல்லாந்து கிடந்தார். அவர்கள் ஒரு பீடி குடித்து முடிக்கும்வரை ஒச்சாயி யாரையும் கிட்டே விடவில்லை.

பிறகு கொட்டோடு பாடை மயானத்துக்குப் போயிற்று. அவளைத் தேடி வந்து காட்டோரத்தில் நின்ற பெண்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள்.

“போங்க, வாரேன். தீட்டுக் கழுவணும்.”

குழிவெட்டிகளின் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினாள். பாறைமேல் தண்ணீரைச் சாய்த்தாள். அது இங்கும் அங்கும் ஓடியது, இறங்க ஒரு விரிசல்கூட அகப்படாமல் அவள் காலடியிலேயே வந்து நின்றது.