நீதிபதியின் இடது கை

என் தம்பி ஹ்யூபர்ட் கார்சைட் முப்பத்தெட்டுப் படங்களில் நடித்தவன். மன்னர், கப்பல் தலைவர், பேராயர் என்று எந்த வேடத்திலும் ஒரு வரி பிசகியதில்லை. 1957இல் வசனம் மறக்கத் தொடங்கியது. தெரிந்தால் படம் கையைவிட்டுப் போகும்; பத்திரிகைகள் எங்கள் குடும்பப் பெயரைச் சந்தி சிரிக்க வைக்கும். அதனால் தினமும் நானே ஸ்டூடியோவுக்குக் கூடப் போனேன். அவனுக்கு நீதிபதி வேடம். மேசைமேல் இருந்த காகிதங்களில் அவன் வசனத்தைப் பெரிய எழுத்தில் எழுதிவைத்தேன்.

"அக்கா, கண்ணுல படற இடத்துலயே நில்லு," என்பான்.

நான் பயந்தது ஒருத்திக்குத்தான். கன்டினியூட்டி பார்க்கும் மிஸஸ் பாஸ்கோ. போன ஷாட்டில் கோப்பை எங்கே இருந்தது, சிகரெட் எவ்வளவு எரிந்திருந்தது என்று குறித்துவைப்பது அவள் வேலை. முதல் நாள் எனக்கு டீ கொண்டுவந்தாள். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வியாழனன்று மரண தண்டனைக் காட்சி. பாதி எடுத்தபின் டைரக்டர் ஹெஸ்கெத் குறுக்கிட்டார்.

"பேப்பரைத் தள்ளி வைங்க, ஹ்யூபர்ட். கூண்டுல நிக்கிறவன் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க. இப்ப ஏதோ குதிரைப் பந்தய லிஸ்ட் படிக்கிற மாதிரி இருக்கு."

தளத்தில் சிரிப்பு எழுந்தது. பொய்முடிக்குக் கீழே தம்பியின் நெற்றி வியர்த்தது. அவன் கண்கள் என்னைத் தேடின.

"பேப்பர் இருக்கட்டுமே," என்றான்.

"எதுக்கு? இப்படிக் குடுங்க." ஹெஸ்கெத் கை நீட்டினார். என் கையெழுத்துக்கும் அவர் விரலுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

"சார், நில்லுங்க," என்றாள் மிஸஸ் பாஸ்கோ. "போன ஷாட்ல இடது கையில பேப்பர் இருந்துச்சு. இப்ப இல்லன்னா ரெண்டு ஷாட்டும் ஒட்டாது."

"இருந்துச்சா? எனக்கு ஞாபகம் இல்லையே."

"ஞாபகம் வச்சுக்கத்தானே எனக்குச் சம்பளம் தர்றீங்க."

அந்த ஷாட்டை எடுத்தபோது நானும் பார்த்திருந்தேன். தம்பியின் இடது கை வெறுமையாக மேசைமேல் கிடந்தது. இருபது வருடமாக அவள் குறிப்பில் ஒரு தவறு கண்டவர் இல்லை. இந்தத் தவறு திரையில் அவள் பேரில்தான் நிற்கும்.

ஹெஸ்கெத் கையை இழுத்துக்கொண்டார். தம்பி இரண்டே முறை காகிதத்தைப் பார்த்து, தண்டனையைச் சொல்லி முடித்தான். ஒரே டேக்.

டீ வண்டியின் முன் வரிசையில் நின்று இரண்டு கோப்பை வாங்கினேன். ஒன்றை அவளிடம் நீட்டினேன்.

"சர்க்கரை எவ்வளவுன்னு தெரியல."

"ரெண்டு, மேடம்." என்னைப் பார்க்காமலே குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்குப் பேப்பரைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிக்கச் சொல்லுங்க. கேமராக்காரன் கண்ணுல பட்டுடப் போகுது."

அவளருகே ஒரு மரப்பெட்டி இருந்தது. அதில் உட்கார்ந்து டீ குடித்தேன்.