மாமா அடைக்கச் சொன்ன ஓட்டை

மாமனாருக்கு டப்பா மூடி அடிக்கும் பட்டறை. மெஷின்களைப் பார்த்துக்கொள்வது மருமகள். படித்த படிப்புக்கு வேறெங்காவது வேலைக்குப் போகிறேன் என்றவளை, "நம்ம வீட்டுப் பொண்ணு வெளியில போறதா?" என்று சம்பளமில்லாமல் சேர்த்துக்கொண்ட பெருந்தன்மை அவருடையது.

அன்றைக்கு ஒரு பெரிய கம்பெனிக்காரர் மூடி வாங்க வருவதாக இருந்தது. அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான். தரையைக் கழுவினார்கள். மாமனார் மீசையைக்கூடக் கத்தரித்துக்கொண்டார். மூடி அடிக்கும் பிரஸ் மட்டும் மூடிக்கு மூடி புஸ்ஸென்று காற்று விட்டது.

"பெரிய மனுஷங்க வர்ற நேரத்துல இது என்னம்மா அசிங்கம்? காத்து வர்ற ஓட்டையை அடைச்சிடு."

"மாமா, வால்வு காத்தை உள்ள விட்டா பிரஸ் இறங்கும். அந்தக் காத்து இந்த ஓட்டை வழியா வெளிய போனாத்தான் ஸ்பிரிங் அதை மேல தூக்கும். அடைச்சா..."

"எனக்கே பாடமா?"

பின்னாலிருந்து கணவன் கண்ணைக் காட்டினான். கண்ணைக் காட்டுவதில் கெட்டிக்காரன். அப்பா முன்னால் அவன் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒரு திருகு மூடியை எடுத்து அந்த ஓட்டையில் இறுக்கினாள். சோதித்துப் பார்ப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

"சத்தமே வராது, பாருங்க" என்று மாமனாரே பட்டனை அழுத்தினார்.

சத்தமே வரவில்லை. பிரஸ் சமர்த்தாக இறங்கி, மூடிமேல் உட்கார்ந்தது. உட்கார்ந்ததுதான். அவர் இளித்துக்கொண்டே திரும்பத் திரும்ப அழுத்தினார்.

வந்தவர் குனிந்து வால்வைப் பார்த்தார். "காத்து வெளிய போற வழியை யாருங்க அடைச்சது?"

மாமனார் மருமகளைப் பார்த்தார். அந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் அவள்தான் காரணம், திரிந்தாலும் அவள்தான். கணவன் மறுபடி கண்ணைக் காட்டினான்.

"மாமா அடைக்கச் சொன்னாரு. தப்புன்னு தெரிஞ்சேதான் அடைச்சேன்" என்றாள்.

வந்தவர் பையை எடுத்துக்கொண்டார். "தெரிஞ்சவங்க வாயை மூடிக்கிட்டு வேலை பார்க்கிற இடத்துல சரக்கெடுக்க எனக்கு தைரியம் இல்லீங்க."

கார் போய்விட்டது. மாமனார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மருமகளை நிமிர்ந்து பார்த்தார். உண்மையிலேயே மனம் நொந்துதான் கேட்டார்:

"அடைச்சா இப்படி ஆகும்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"